இடது தோளில் லீவர் துப்பாக்கி

ஹெல்மி ரௌத்தியோவின் வலது கையில் மிச்சம் இருப்பது மூன்று விரல்கள். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் மர ஆலை ரம்பம் எடுத்துக்கொண்டது. அது ஒரு பிப்ரவரி மாதம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கைக்கட்டோடு உட்கார்ந்திருந்தவள், பார்க்க வந்த அண்ணன் ஆர்வோவிடம் முதலில் கேட்டது வேலையைப் பற்றியல்ல, கையைப் பற்றியும் அல்ல.

"அண்ணே, அப்பாவோட துப்பாக்கிய எண்ணெய் போட்டுத் தொடச்சு வைக்கச் சொன்னேனே, லென் செஞ்சானா?"

லென் அவள் கணவன் லெனார்ட். ஆர்வோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாற்பது வருஷம் பனி வாரும் லாரி ஓட்டிய மனுஷன். எதிரில் என்ன வருகிறது என்று பார்த்துப் பேசுவாரே தவிர, சட்டென்று எதையும் சொல்லிவிடமாட்டார்.

மிச்சிகனின் இந்த வடக்குத் தீபகற்பத்தில் நவம்பர் பதினைந்தாம் தேதி என்றால் மான் வேட்டை தொடங்குகிற நாள். பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள். அன்றைக்குக் கல்யாணம் வைக்கிற அளவுக்குப் புத்தி கெட்டவன் எங்கள் பக்கம் எவனும் கிடையாது. வைத்தாலும் மாப்பிள்ளையே வரமாட்டான். ஹெல்மி பதினாலு வயதிலிருந்து ஒரு வருஷம்கூட அந்த நாளைத் தவறவிட்டதில்லை. பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோதும் போனாள். "வயித்துல இருக்கறதும் கத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவளுடையது லீவர் துப்பாக்கி. விசைக்குக் கீழே வளையம் மாதிரி ஒரு பிடி இருக்கும். அதை முன்னால் தள்ளினால் பழைய தோட்டா வெளியே துள்ளும். இழுத்து மூடினால் புதுத் தோட்டா உள்ளே ஏறும். அவ்வளவுதான் அதன் சூட்சுமம். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னமும் கடையில் புதிதாகச் செய்து விற்கிறார்கள், இன்னமும் வாங்குகிறோம். ஒல்லியான, தட்டையான உடம்பு. ஒரு கையால் நடுவில் பிடித்துத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க நடக்கலாம், கிளையில் மாட்டாது, தோள் வலிக்காது. எங்கள் காட்டில் அறுபது கஜத்துக்கு அப்பால் எதுவும் கண்ணுக்குத் தெரியப்போவதில்லை. அதற்கு மேல் சுடுகிற பெரிய துப்பாக்கியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இதைப் போய் கர்ட்டிஸ் போஷாம்பிடம் சொல்ல முடியாது. கர்ட்டிஸ் ஆர்வோவின் மகளைக் கட்டியவன். கெட்டவன் என்று சொல்லமாட்டேன். வாய்தான் நீளம். அவனுடைய துப்பாக்கியின் தலையில் ஒரு பெரிய தொலைநோக்கி உட்கார்ந்திருக்கும். அவன் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் காப்பி ஆறிப்போகும்.

ஜூன் மாதம் ஒருநாள் மாமனும் மருமகனுமாக ஹெல்மி வீட்டுக்கு வந்தார்கள். லெனார்ட் அப்போது மாவு பிசைந்துகொண்டிருந்தான். அந்த வீட்டில் சமையல் அவன் பொறுப்பு. இரத்தத்தைக் கண்டால் அவனுக்குத் தலை சுற்றும். மான் கறியைத் துண்டு போட்டுக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தால்தான் தொடுவான்.

ஆர்வோ தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். "ஹெல்மி, இந்த வருஷம் நீ வேட்டை கேம்ப்புக்கு வா. வரவேணாம்னு யாரும் சொல்லல. ஆனா துப்பாக்கி வேணாம்."

"வேணாம்னா? அங்க வந்து என்ன செய்ய?"

"அடுப்பப் பாத்துக்க. ஆவிக் குளியலுக்குச் சவுனாவச் சூடு பண்ணு."

அடுப்படியிலிருந்து லெனார்ட் சிரித்துவிட்டான். "மச்சான், இவ சமைச்சத நீங்க சாப்பிட்டதில்ல. கை போறதுக்கு முன்னாடியே அது அப்படித்தான்."

"நீ சும்மா இரு லென்" என்றாள் ஹெல்மி. அண்ணனை நேராகப் பார்த்தாள். "சரி, என் எடம்?"

அந்த இடம் எல்லாருக்கும் தெரியும். தேவதாரு மரங்கள் அடர்ந்த சதுப்புக்கு மேலே, மேட்டில் ஒரு பெரிய அடிமரம். கீழே மான் தடம் குறுகலாகிற இடம். அப்பா உட்கார்ந்த இடம், அப்பாவுக்குப் பிறகு ஹெல்மி உட்காருகிற இடம். அங்கே காத்திருந்தால் மான் வந்தே தீரும்.

கர்ட்டிஸ் தொண்டையைச் செருமினான். "சும்மா கெடக்க வேணாமேன்னுதான் அத்தை. நான் பாத்துக்கிறேன்."

"ஓ" என்றாள் ஹெல்மி. "அப்பிடி வருதா கதை."

"அவனுக்காகச் சொல்லல" என்றார் ஆர்வோ. அவர் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "லீவர அரைகுறையாத் தள்ளிட்டு இழுத்தா தோட்டா கடிச்சுக்கிட்டு நின்னுரும். பக்கத்து கேம்ப்ல ஒருத்தன் அப்படித்தான் கத்திய விட்டு நோண்டுனான். வெடிச்சுப் பாதத்துல பாதி போச்சு. நீ கட்டைவிரல் இல்லாத கைய வச்சுக்கிட்டு, அந்த அவசரத்துல என்ன செய்வ? உன்னத் தூக்கிக்கிட்டு நான் காட்ட விட்டு ஓடி வரணுமா?"

"வலது கையால யாரு சுடப்போறா? இடது கையால சுடுவேன்."

"அம்பத்தோரு வயசுல கை மாத்தப் போறியா?"

"துப்பாக்கிக்குத் தெரியுமா எந்தக் கைன்னு?"

கர்ட்டிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் பக்கம் திரும்பினாள். "உங்க துப்பாக்கிக்குத் தெரியும் மாப்ள. அதோட தோட்டா ஏத்தற குமிழு வலது பக்கம் மட்டும்தான் நீட்டிக்கிட்டு இருக்கு. இதுக்குப் பிடி நடுவுல இருக்கு."

பேச்சு கடைசியில் ஒரு பந்தயத்தில் வந்து நின்றது. நவம்பர் பதினைந்து காலையில் அவள் தன் இடத்தில் உட்காரலாம். கை ஒழுங்காக வேலை செய்தால் இடம் அவளுடையது, இனி யாரும் பேசக்கூடாது. கை தடுமாறினால் துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிட்டு அடுப்புப் பக்கம் வந்துவிட வேண்டும், இடம் கர்ட்டிஸுக்கு. ஹெல்மி யோசிக்கவே இல்லை. இடது கையை நீட்டினாள். ஆர்வோ கொஞ்சம் தடுமாறி, எந்தக் கையைக் கொடுப்பது என்று பார்த்து, கடைசியில் பிடித்துக் குலுக்கினார்.

அந்தக் கோடை முழுவதும் அந்த வீட்டுக்கு நிம்மதி கிடையாது. மருந்தில்லாத வெற்றுத் தோட்டாக்களை வைத்துக்கொண்டு ஹெல்மி நிலவறையில் உட்கார்ந்து லீவரைத் தள்ளுவாள், இழுப்பாள். மேலே டிவி பார்க்கிற லெனார்டின் காதில் டக், சடக் என்று அதே சத்தம். "செய்தி வாசிக்கிறவன் பேசறதவிட உன் துப்பாக்கி அதிகமாப் பேசுது" என்று அவன் புலம்புவான். துப்பாக்கியை மடியில் படுக்கப் போட்டு, வலது முழங்கையால் அழுத்திக்கொண்டு, இடது கட்டைவிரலால் தோட்டாவை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளப் பழகினாள். முதலில் பாதி தோட்டா தரையில் உருளும். உட்கார்ந்து பொறுக்குவாள், திட்டுவாள், மறுபடி தள்ளுவாள். தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கிற சுத்தியை விரலால் பிடித்து மெள்ள இறக்கிப் பாதியில் நிறுத்தப் பழகியதுதான் பெரும்பாடு. அது நழுவினால் வெடித்துவிடும். அதை மட்டும் ஆயிரம் தடவை செய்திருப்பாள்.

பிறகு கொட்டகைக்குப் பின்னால் காகிதத் தட்டு கட்டி, நிஜத் தோட்டா போட்டுச் சுட ஆரம்பித்தாள். இத்தனை வருஷம் வலது கண்ணால் பார்த்தவள் இடது கண்ணுக்கு மாற வேண்டும். முதல் வாரம் தட்டின் மேல் ஒரு ஓட்டைகூட விழவில்லை. பக்கத்துத் தூணில் விழுந்தது. இடது தோள் கறுத்து வீங்கியது. லெனார்ட் ஐஸ் வைத்துக்கொண்டே கேட்டான்.

"இது எதுக்கு ஹெல்மி? கறி வேணும்னா ஆர்வோ மச்சான் பாதி தர மாட்டாரா?"

"குடுத்தா வாங்கித் தின்னணும். அதான் பிரச்சினை."

அவன் ஐஸைத் திருப்பி வைத்தான். ஹெல்மி அவனைப் பார்க்காமல் சொன்னாள். "ஆலைல என்னைய கேட்ல உக்கார வச்சுட்டாங்க லென். லாரி வந்தா சீட்டு வாங்கணும், போனா சீட்டு குடுக்கணும். எல்லாரும் ரொம்ப நல்லாப் பேசறாங்க. எனக்குக் கதவு தொறந்து விடறாங்க. நான் செத்துருவேன் போல இருக்கு." அவ்வளவுதான். அதற்குப் பிறகு லெனார்ட் டக் சத்தத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவனே தட்டுகளைக் கட்ட ஆரம்பித்தான்.

செப்டம்பரில் தட்டில் ஓட்டை விழுந்தது. அக்டோபரில் நடுவில் விழுந்தது. இரண்டு விரல் இல்லாத அந்த வலது கை, துப்பாக்கியின் ஒல்லி உடம்பை அடியிலிருந்து தாங்கிக்கொள்ளப் போதுமானதாக இருந்தது. கனத்த துப்பாக்கியாக இருந்திருந்தால் அதுவும் நடந்திருக்காது.

நவம்பர் பதினாலாம் தேதி சாயங்காலம் கேம்ப்பில் எல்லாரும் கூடினார்கள். ஒற்றை அறை, இரண்டடுக்குப் படுக்கைகள், இரும்பு அடுப்பு, பின்னால் சவுனா. ஹெல்மி ஆர்வோவின் கண் முன்னால் தோட்டா ஏற்றினாள், இறக்கினாள், சுத்தியைப் பாதியில் நிறுத்திக் காட்டினாள். ஒரு பிசகில்லை.

"நல்லாத்தான் செய்யற" என்றார் ஆர்வோ. "ஆனா இங்க எல்லாருக்கும் கை வேலை செய்யும். மான் வந்து முன்னாடி நிக்கும்போது என்ன செய்யுதுன்னு பாப்போம்."

"பாருங்க. கண்ணத் தொறந்து நல்லாப் பாருங்க."

காலையில் பனி கணுக்கால் அளவு விழுந்திருந்தது. ஹெல்மி அடிமரத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். துப்பாக்கியில் ஐந்து தோட்டா. எதிர் மேட்டில் எங்கோ கர்ட்டிஸ். ஆர்வோ ஆற்றோரம். வெளிச்சம் மெதுவாக மரங்களுக்கு நடுவே இறங்கியது. தூரத்தில் மற்ற கேம்ப்களின் வெடிச் சத்தம் ஒன்றிரண்டு கேட்டது. அவளுக்குக் குளிரவில்லை. வாய்தான் உலர்ந்திருந்தது.

முதலில் பெண் மான் வந்தது. தடத்தில் நின்று, திரும்பிப் பார்த்து, ஓடியது. அது திரும்பிப் பார்த்தது யாரை என்று ஹெல்மிக்குத் தெரியும். சுத்தியைப் பின்னால் இழுத்தாள். வந்தது ஆண் மான். கழுத்து பருத்து, எட்டுக் கிளைக் கொம்போடு, தரையை மோந்துகொண்டே வந்து அவளுக்கு நேர் கீழே பக்கவாட்டில் நின்றது. முப்பத்தேழு வருஷத்தில் அவள் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. துப்பாக்கி இடது தோளுக்குப் போனது. குறி மானின் நெஞ்சில் நின்றது. காதுக்குள் இரத்தம் அடிக்கிற சத்தத்தில் உலகத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. லீவரைத் தள்ளினாள், இழுத்தாள். மான் விழவில்லை. மறுபடி தள்ளினாள், இழுத்தாள். மான் தலையைத் தூக்கி அவளையே பார்த்தது. மறுபடி, மறுபடி, மறுபடி. கடைசியில் அது வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு, அவசரமே படாமல், சதுப்புக்குள் போய்விட்டது.

ஹெல்மி துப்பாக்கியை மடியில் போட்டுக்கொண்டாள். ஐந்தும் தவறிவிட்டது. அறுபது கஜம்கூட இல்லை, ஒரு கோடை முழுக்கப் பழகினாள், ஐந்தும் தவறிவிட்டது.

ஆர்வோவும் கர்ட்டிஸும் சேர்ந்து வருவது தெரிந்தது. கர்ட்டிஸ் போய் அழைத்து வந்திருக்கிறான். அவள் எழுந்திருக்கவில்லை.

"என்ன அத்தை ஆச்சு?"

"தவறிருச்சு. அஞ்சும் தவறிருச்சு."

"எந்த அஞ்சு?"

"அஞ்சு வெடியும்தான். கேக்கலையா உங்களுக்கு?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆர்வோ நிதானமாகச் சொன்னார். "ஹெல்மி, இந்தப் பக்கத்துல ஒரு வெடியும் கேக்கல."

முதலில் அவள் கேலி செய்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். பிறகு இடது தோளைத் தொட்டுப் பார்த்தாள். அங்கே வலியே இல்லை.

"நான் பைனாகுலர்ல பாத்துக்கிட்டேதான் இருந்தேன் மாமா" என்றான் கர்ட்டிஸ். "எட்டுக் கிளை. எனக்குச் சுட வழியில்ல, அத்தை மானுக்கு நேர் பின்னாடி இருந்தாங்க. மான் கல்லு மாதிரி நின்னுச்சு. இவங்க கைய ஆட்டிக்கிட்டே இருந்தாங்க. சிக்கிக்கிச்சு, வேறென்ன? கைக்கு முடியல." கொஞ்சம் தணிந்து சொன்னான். "பரவால்ல அத்தை. ஊருக்குள்ள சொல்லமாட்டேன்."

அந்த இரக்கம்தான் அவளால் தாங்க முடியாமல் போனது. துப்பாக்கியை எடுத்து லீவரைத் திறந்து அண்ணனிடம் நீட்டினாள். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். எதுவும் சிக்கியிருக்கவில்லை. உள்ளே ஒரு தோட்டாகூட இல்லை.

"தோட்டா எங்க?"

அவளுக்கே தெரியவில்லை. ஆர்வோ அடிமரத்தைச் சுற்றிப் பனியைப் பார்த்தார். சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன. முட்டியைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு, மண்டியிட்டார். கையுறையைக் கழற்றிவிட்டு முதல் ஓட்டைக்குள் விரலை விட்டார். ஒரு தோட்டா வந்தது. முனையில் ஈயம் இன்னும் அப்படியே இருந்தது. பின்பக்கத்தைத் திருப்பினார். அதில் சுத்தி அடித்த தழும்பு இல்லை. அடுத்த ஓட்டை, அடுத்தது. ஐந்தையும் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். ஐந்தும் முழுசு.

விசையை அவள் ஒரு தடவைகூட இழுக்கவில்லை. லீவரைத் தள்ளித் தள்ளி, வெடிக்காத தோட்டாக்களை எல்லாம் பனியில் கொட்டிவிட்டு, சுட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். பெரிய கொம்பைப் பார்த்ததும் புத்தி ஓடிவிடும், கை மட்டும் தன் வேலையைப் பார்க்கும். லீவர் துப்பாக்கிக்காரர்களுக்கு மட்டுமே வாய்க்கிற பைத்தியக்காரத்தனம் இது. எங்கள் ஊரில் இதைச் செய்யாதவனைக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஒத்துக்கொள்கிறவனைக் கண்டுபிடிப்பது அதைவிடக் கஷ்டம்.

ஆர்வோவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று கர்ட்டிஸ் குனிந்து பார்த்தான். கிழவர் சிரித்துக்கொண்டிருந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, பனியில் உட்கார்ந்தபடியே சிரித்தார்.

"சிரிங்க" என்றாள் ஹெல்மி. முகம் சிவந்து, காது சிவந்து, அவளுக்கு அங்கேயே குழி தோண்டிப் படுத்துவிடலாம் போல இருந்தது. "நல்லாச் சிரிங்க."

"அடி கழுத, நான் என்னைய நெனச்சுச் சிரிக்கிறேன். எனக்கு நடந்தப்போ எனக்கு முப்பது வயசு. பத்து விரலும் இருந்துச்சு. அப்பா மட்டும்தான் பாத்தாரு. சாகற வரைக்கும் வெளிய சொல்லல மனுஷன்."

கர்ட்டிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. "எப்படி இருந்தாலும் சுடல இல்ல மாமா? பந்தயப்படி இந்த எடம்..."

"பந்தயம் எதப் பத்தி மாப்ள?" ஆர்வோ கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளங்கையை நீட்டினார். "கையப் பத்தி. இங்க பாருங்க. அவ்வளவு பெரிய மானு முன்னாடி நிக்குது, இவளுக்குத் தலையே இல்ல, அப்பவும் அஞ்சு தடவ லீவர் முழுசாப் போய் முழுசா வந்திருக்கு. ஒண்ணு கடிபடல. ஒண்ணு பாதில நிக்கல. இதுக்கு மேல அந்தக் கை என்ன செய்யணும்? பியானோ வாசிக்கணுமா?"

ஹெல்மி தன் இடது கையைப் பார்த்தாள். பிப்ரவரியிலிருந்து அவள் தன்னைப் பாதி ஆளாகவே எண்ணி வந்தாள். யாரிடமும் சொன்னதில்லை. நிலவறையில் தோட்டா பொறுக்கும்போதும், ஆலை கேட்டில் சீட்டு வாங்கும்போதும் அந்த எண்ணம் கூடவே இருந்தது. இப்போது அந்தக் கையை மடக்கி நீட்டிப் பார்த்தாள். புத்தி ஓடிப்போனதற்கு வெட்கமாக இருந்தது, ஆனால் கை ஓடிப்போகவில்லை என்பதில் வந்த சந்தோஷம் அந்த வெட்கத்தை மிதித்துக்கொண்டு மேலே வந்தது.

ஆர்வோ எழுந்திருக்கப் பார்த்தார். முட்டி வரவில்லை. மறுபடி முயன்றார், சறுக்கியது. கர்ட்டிஸ் முன்னால் வருவதற்குள் ஹெல்மி வலது கையை நீட்டினாள். அந்த மூன்று விரல் கையை. கிழவர் ஒரு நொடி அதைப் பார்த்தார். பிறகு இறுகப் பிடித்துக்கொண்டார். அவள் ஒரே இழுப்பில் தூக்கி நிறுத்தினாள்.

"தோட்டாவக் குடுங்க" என்றாள்.

ஒவ்வொன்றையும் கம்பளிச் சட்டையில் துடைத்து, ஈரம் பார்த்து, மடியில் துப்பாக்கியைப் படுக்க வைத்து, ஐந்தையும் உள்ளே தள்ளினாள். அவசரப்படவில்லை. இருவரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போதும், ரெண்டு பேரும் கெளம்புங்க. உங்க காப்பி வாசனை சதுப்பு முழுக்க அடிக்குது."

"நாள் பூரா உக்காரப் போறியா? இந்தக் கலவரத்துக்கு அப்புறம் இங்க எது வரும்?" என்றார் ஆர்வோ.

"வரலைன்னா நாளைக்கு உக்காருவேன்."

மத்தியானம் லெனார்ட் கேம்ப்புக்கு வந்தான். துணியில் சுற்றிய சூடான பாஸ்ட்டிகள் ஒரு கூடை. மாவுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து அவனே சுட்டவை. காலைக் கதையைக் கேட்டுவிட்டு, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அடுப்பைக் கிளறினான். அவளுடைய பங்கை அடுப்பின் மேல் ஓரமாக வைத்தான். "சாப்பிடக்கூட வரலையா அவ?"

"வரல" என்றார் ஆர்வோ. "கூப்பிடவும் போகாத. கடிச்சு வச்சுருவா."

கர்ட்டிஸ் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தன் தொலைநோக்கியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து அவன் மூஞ்சி தொங்கிக்கொண்டுதான் இருந்தது. "உறைஞ்சு போயிருப்பாங்க. நான் வேணா போய் மாத்தி உக்காரட்டுமா மாமா, அவங்களுக்கு உதவியா?"

"உதவியாவா? நல்ல மனசு மாப்ள உங்களுக்கு. சாப்பிடுங்க."

சாயங்காலமாகி வெளியே வெளிச்சம் மங்கத் தொடங்கியது. சட்டப்படி சுடுவதற்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. ஆர்வோ சவுனாவுக்கு விறகு எடுக்க எழுந்தார்.

அப்போது சதுப்புப் பக்கமிருந்து ஒரு வெடிச் சத்தம் வந்தது. அந்தத் துப்பாக்கியின் சத்தம் ஆர்வோவுக்குத் தூக்கத்திலும் தெரியும்.

மூவரும் அப்படியே நின்றார்கள். கர்ட்டிஸ் ஒரு விரலைத் தூக்கி, தலையைச் சாய்த்து, அடுத்த வெடிக்காகக் காத்திருந்தான். அடுப்பு மட்டும் படபடத்தது. இரண்டாவது வெடி வரவில்லை.

"ஒண்ணுதானா?" லெனார்டின் முகம் வெளிறியது. "மறுபடி சிக்கிக்கிச்சா மச்சான்? இல்ல, அவளுக்கு ஏதாவது..."

ஆர்வோ விறகைக் கீழே போட்டுவிட்டு பூட்ஸைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவது தேவப்படல லென், அதான். இவ புத்தி போன வழியே திரும்பி வந்துருச்சு." பூட்ஸுக்குள் காலைத் திணித்தபடி மருமகனைப் பார்த்தார். "மாப்ள, அந்தக் கயித்த எடுங்க. மேடு ஏறணும், எனக்கு முட்டி போச்சு, அவளுக்கு விரல் போச்சு. முழுசா இருக்கறது நீங்க ஒருத்தர்தான், மான நீங்கதான் இழுக்கணும்."